வெளிநாட்டு உதவி யாருக்கு, எவ்வளவு: அந்த முடிவில் தொண்டு நிறுவனங்களுக்கு இடம் உண்டா? (வடசென்னை டிரஸ்ட்டுகளுக்கான இழை)

மிண்ட்_மணிக்கூண்டு

ராயபுரம், பழைய வண்ணாரப்பேட்டை, வியாசர்பாடி பக்கம் இருக்கும் சின்ன டிரஸ்ட்டுகள் புயல், வெள்ளம் என்றால் இலங்கைக்குப் பொருள் திரட்டுகின்றன. அது அவ்வப்போது நடக்கிற வேலை. ஆனால் இந்திய அரசு எந்த நாட்டுக்கு, எந்தத் திட்டத்துக்கு, எவ்வளவு தருகிறது என்ற முடிவில் இந்த டிரஸ்ட்டுகள் ஏதாவது சொல்ல வழி இருக்கிறதா? பிரிட்டன், அமெரிக்காவில் தொண்டு நிறுவனங்கள் இதற்கென்றே தனி ஆட்கள் வைத்திருக்கின்றன. அங்கே எப்படி நடக்கிறது, இங்கே எது செல்லும் என்று விவரம் தெரிந்தவர்கள் எழுதுங்கள். "விழிப்புணர்வு வேண்டும்" என்கிற மாதிரிப் பதில் வேண்டாம். யாரிடம், எந்த மாதத்தில், என்ன தாள் என்று சொன்னால் போதும்.

கல்மண்டபம்

மாதத்திலிருந்து தொடங்குகிறேன். முக்கால்வாசி மனுக்கள் வீணாவது அங்கேதான்.

மத்திய பட்ஜெட் பிப்ரவரி 1 அன்று வருகிறது என்பதால் எல்லோரும் ஜனவரியில் கடிதம் எழுதுகிறார்கள். அப்போது எல்லாம் முடிந்திருக்கும். நிதி அமைச்சகத்தின் பட்ஜெட் சுற்றறிக்கை ஆகஸ்ட், செப்டம்பர் வாக்கிலேயே எல்லா அமைச்சகங்களுக்கும் போய்விடுகிறது. அக்டோபர், நவம்பரில் செலவினத் துறைச் செயலாளர் ஒவ்வொரு அமைச்சகத்தோடும் உட்கார்ந்து அடுத்த ஆண்டுத் தொகையைப் பேசுகிறார். அதற்கு முன்பே வெளியுறவு அமைச்சகத்தின் பிரிவுகள் தங்கள் தேவையைக் கணக்குப் போட்டு உள்ளே கொடுத்திருக்க வேண்டும். ஆகவே உங்கள் தாள் ஜூன், ஜூலையில் அங்கே போய்ச் சேர வேண்டும்.

யாரிடம்? இலங்கை, மாலத்தீவு விவகாரம் இந்தியப் பெருங்கடல் பிரிவிடம். திட்டங்களை நடத்துவது 2012இல் தொடங்கிய வளர்ச்சிக் கூட்டாண்மை நிர்வாகம், சுருக்கமாக டிபிஏ. களத்தில் கொழும்புத் தூதரகமும் யாழ்ப்பாணத் துணைத் தூதரகமும். அமைச்சருக்கு மட்டும் எழுதினால் கடிதம் சுற்றிச் சுற்றி இதே பிரிவு அதிகாரியின் மேசைக்குத்தான் வரும், இரண்டு மாதம் தாமதமாக. அதனால் பிரிவின் இணைச் செயலாளருக்கே நேராக எழுதி, மற்றவர்களுக்கு நகல் போடுங்கள்.

இப்போது தொகை. 2025-26 பட்ஜெட்டில் வெளியுறவு அமைச்சகத்துக்கு 20,516 கோடி ரூபாய். அதில் நாடுவாரி உதவியில் பூட்டான் 2,150 கோடி, நேபாளம் 700, மாலத்தீவு 600, மொரீஷியஸ் 500, மியான்மர் 350, இலங்கை 300. இந்தப் பட்டியலை மட்டும் பார்த்து "இலங்கைக்கு 300 கோடிதானா" என்று மனு எழுதுபவர்கள் பாதிப் படத்தைத்தான் பார்க்கிறார்கள். பெரிய பணம் எக்ஸிம் வங்கி (அரசின் ஏற்றுமதி-இறக்குமதி வங்கி) வழியாக ஐடியாஸ் என்ற திட்டத்தின் கீழ் சலுகைக் கடனாகப் போகிறது. அதற்கான வட்டி ஈடு, அதாவது சலுகையால் குறையும் வட்டியை அரசு ஈடுகட்டும் தொகை, நிதி அமைச்சகத்தின் கணக்கில் இருக்கும், வெளியுறவில் இருக்காது. 2022 நெருக்கடியில் இலங்கைக்கு இந்தியா தந்ததாகச் சொல்லப்படும் சுமார் 400 கோடி டாலரில் பெரும்பகுதி கடன் வசதி, நாணய மாற்று, தள்ளிவைத்த பாக்கி ஆகியவைதான். எனவே மனு எழுதும் முன் நீங்கள் பேசப்போவது மானியமா, கடனா என்று தீர்மானித்துக்கொள்ளுங்கள். இரண்டுக்கும் மேசை வேறு.

சர்மாநகர்_சித்ரா

கல்மண்டபம் சார் சொன்னதோடு வெளிநாட்டு நடைமுறையைச் சேர்க்கிறேன். பிரிட்டனையும் அமெரிக்காவையும் ஒரே மாதிரி நினைக்கக் கூடாது. அமெரிக்காவில் பணப்பை காங்கிரஸ் கையில். பிரிட்டனில் கருவூலத்தின் கையில், அங்கே நாடாளுமன்றம் பெரும்பாலும் முடிவான பிறகுதான் கேள்வி கேட்கும். அதனால் தொண்டு நிறுவனங்கள் தட்டும் கதவும் வேறு.

அமெரிக்காவில் அதிபரின் பட்ஜெட் கோரிக்கை சட்டப்படி பிப்ரவரி முதல் திங்களுக்குள் வர வேண்டும், பல வருடம் தாமதமாகத்தான் வரும். வசந்த காலத்தில் உறுப்பினர்கள் ஒவ்வொருவரும் நிதி ஒதுக்கீட்டுத் துணைக்குழுவுக்குத் தங்கள் கோரிக்கைகளைக் கொடுப்பார்கள். தொண்டு நிறுவனங்கள் வேலை செய்வது இந்தச் சில வாரங்களில். ஒவ்வொரு அலுவலகத்துக்கும் ஒரே பக்கத் தாள்: கணக்கின் பெயர், சென்ற ஆண்டு கிடைத்தது, இந்த ஆண்டு கேட்பது, குழு அறிக்கையில் சேர்க்க வேண்டிய வாக்கியம். அந்த வாக்கியத்தை அவர்களே எழுதிக் கொடுத்துவிடுவார்கள். குழு அறிக்கை வாக்கியத்துக்குச் சட்ட வலு இல்லை. ஆனால் அடுத்த வருடமும் அதே துணைக்குழுவிடம் வந்து நிற்க வேண்டியிருப்பதால் துறைகள் அதைச் சுலபத்தில் மீறுவதில்லை.

இன்னொன்று: தாளை நீட்டுபவர் தொகுதிவாசியாக இருக்க வேண்டும். வாஷிங்டன் அலுவலக ஊழியரைவிட அந்த மாவட்டத்துச் சர்ச்சிலிருந்து வந்தவருக்கு மதிப்பு அதிகம். பிரெட் ஃபார் தி வேர்ல்டு என்ற அமைப்பு சர்ச்சுகள் வழியாகக் கடிதம் எழுத வைப்பதையே தன் முக்கிய முறையாக வைத்திருக்கிறது.

இது பலிக்குமா என்றால் 2025ஐப் பாருங்கள். ஜனவரி 20 அன்று வெளிநாட்டு உதவி 90 நாள் நிறுத்திவைக்கப்பட்டது. 1961இல் தொடங்கிய யூஎஸ்எய்ட் என்ற அரசு உதவி நிறுவனம் ஜூலை 1 அன்று தனி நிறுவனமாக இல்லாமல் போனது. அதே ஜூலையில் ஏற்கெனவே ஒதுக்கிய பணத்தை ரத்து செய்யும் மசோதா வந்தபோது, எச்ஐவி சிகிச்சைக்கான பெப்ஃபார் திட்டத்தில் வெட்டவிருந்த 40 கோடி டாலரை மட்டும் செனட் அந்த வெட்டுப் பட்டியலிலிருந்து நீக்கிவிட்டது. மீதி வெளிநாட்டு உதவி வெட்டு, சுமார் 800 கோடி டாலர், நிறைவேறிவிட்டது. பெப்ஃபார் 2003இல் இரு கட்சி ஆதரவோடு வந்த திட்டம், தனிப் பெயர் உள்ளது, சர்ச்சுகள் பின்னால் நிற்பது. "வளர்ச்சி உதவி" என்ற பொதுத் தலைப்பில் கிடந்த பணத்துக்குத் தொகுதியில் அந்த அளவு குரல் எழவில்லை என்பது என் கணிப்பு.

காலடிப்பேட்டை

எல்லாம் சரிதான்பா. நம்ம ஏரியால ஒரு மழ பேஞ்சா முட்டிக்கு தண்ணி நிக்குது. இதுல பூட்டானுக்கு 2,150 கோடின்னு படிச்சா வவுறு எரியாதா? இன்னாத்துக்கு டெல்லிக்கு மனு போட்டுகினு, ரிப்பன் பில்டிங்குக்குப் போடலாமே.

கல்மண்டபம்

காலடிப்பேட்டை தம்பி, கோபம் நியாயம். ஆனால் இரண்டும் ஒரே பையில் இருக்கும் பணம் இல்லை. மழைநீர் வடிகால் மாநகராட்சி, மாநில அரசு, உலக வங்கி மாதிரியான கடன்களில் நடக்கிறது. வெளியுறவு அமைச்சகம் முழுவதும், தூதரகச் சம்பளம், பாஸ்போர்ட் எல்லாம் சேர்த்தே, 50 லட்சம் கோடி ரூபாய்க்கு மேலான மத்திய பட்ஜெட்டில் 0.4 சதவீதம். பூட்டான் பணத்தில் கடனும் உண்டு, அங்கே இந்திய உதவியில் கட்டிய நீர்மின் நிலையங்களின் மின்சாரத்தை வாங்குவதும் இந்தியாதான்.

அப்புறம், வாங்குகிற பக்கத்திலும் காசிமேட்டுக்கு அனுபவம் இருக்கிறது. 2004 சுனாமிக்குப் பிறகு மத்திய அரசு வெளிநாட்டு அரசுகளின் நிவாரண உதவியை ஏற்கவில்லை. ஆனால் வெளிநாட்டுத் தொண்டு நிறுவனங்களின் பணமும் உலக வங்கிக் கடனும் வந்தன. எந்த வழியில் வரலாம், எதில் வரக் கூடாது என்பதே ஒரு கொள்கை முடிவுதான்.

ரிப்பன் பில்டிங்குக்கும் போடுங்கள். முறை ஒன்றுதான்: மாதம், மேசை, தலைப்பு.

மூலக்கடை

சித்ரா மேடம் சொன்ன பெப்ஃபார் கதைக்கு நேர் எதிர்க் கதை பிரிட்டனில் இருக்கிறது. அதையும் போட்டால்தான் கணக்கு சரியாகும்.

தேச வருமானத்தில் 0.7 சதவீதம் வெளிநாட்டு உதவிக்கு என்பது 1970 அக்டோபரில் ஐநா பொதுச்சபை வைத்த இலக்கு. பிரிட்டன் தொண்டு நிறுவனங்கள் இந்த எண்ணைத் தூக்கிக்கொண்டு பல பத்தாண்டுகள் அலைந்தன. 2005இல் வறுமை ஒழிப்புக்கான மேக் பாவர்ட்டி ஹிஸ்டரி இயக்கம், அதன் சின்னமான வெள்ளைக் கைப்பட்டை, கிளெனீகிள்ஸ் ஜி8 மாநாடு எல்லாம் வந்தது. 2013இல் 0.7ஐ எட்டினார்கள். 2015இல் தனிநபர் மசோதாவாக (அமைச்சரல்லாத உறுப்பினர் கொண்டுவருவது) வந்து சட்டமே ஆனது. எல்லோரும் வெற்றி என்றார்கள்.

அந்தச் சட்டத்தைப் படித்துப் பாருங்கள். 1ஆம் பிரிவு 0.7ஐ எட்டுவது அமைச்சரின் கடமை என்கிறது. 2ஆம் பிரிவு, எட்டாவிட்டால் நாடாளுமன்றத்தில் அறிக்கை வைத்துக் காரணம் சொல்ல வேண்டும் என்கிறது. 3ஆம் பிரிவு, இந்தக் கடமைக்கான பொறுப்பு நாடாளுமன்றத்துக்கு அறிக்கை வைப்பதோடு முடிகிறது, எட்டாததால் எந்தச் செயலும் சட்டவிரோதம் ஆகாது என்கிறது. அதாவது கோர்ட்டுக்குப் போக முடியாது. 2020 நவம்பரில் 0.5 ஆகக் குறைப்பதாக அறிவித்தார்கள். 2021 ஜூலை 13 அன்று வாக்கெடுப்பில் 333க்கு 298 என்று அரசு ஜெயித்தது. 2025 பிப்ரவரியில் ராணுவச் செலவுக்காக 2027க்குள் 0.3 ஆக்கப்போவதாக வேறு கட்சியின் பிரதமர் அறிவித்தார்.

என் கருத்து: எண்ணுக்காக முப்பது வருடம் போராடியதே தப்பான முதலீடு. எண் மட்டும் இருந்தால் அதற்குள் எதையும் திணிக்கலாம். 2023இல் பிரிட்டன் தன் உதவிக் கணக்கில் சுமார் 430 கோடி பவுண்டை, மொத்தத்தில் கால்பங்குக்கும் மேல், தன் நாட்டுக்குள்ளேயே அகதிகளுக்கும் தஞ்சம் கேட்டவர்களுக்கும் செலவிட்டது. ஹோட்டல் வாடகை உட்பட. உதவிக் கணக்குக்கு விதி வகுக்கும் பணக்கார நாடுகளின் அமைப்பான ஓஇசிடியின் விதிப்படி, வந்து சேர்ந்த முதல் 12 மாதச் செலவை உதவியாகக் கணக்குக் காட்டலாம். விதிக்குள்தான் செய்தார்கள்.

சர்மாநகர்_சித்ரா

மூலக்கடை அண்ணே, 3ஆம் பிரிவு பற்றிச் சொன்னது முழுக்கச் சரி. ஆனால் "எண் தப்பு, சட்டமே வீண்" என்ற முடிவுக்குத் தாவ வேண்டாம். அதே நாட்டில் அளவைச் சொல்லாமல் நோக்கத்தைச் சொன்ன சட்டம் வேலை செய்திருக்கிறது.

பெர்காவ் அணை வழக்கு. மலேசியாவில் ஒரு நீர்மின் அணைக்கு 23.4 கோடி பவுண்டு பிரிட்டன் உதவி. ஆயுத விற்பனையோடு பின்னிக்கிடந்த பேரம் அது. பொருளாதார ரீதியில் உருப்படாத திட்டம் என்று உதவித் துறையின் தலைமை அதிகாரியே எழுத்தில் ஆட்சேபித்திருந்தார். அரசு தணிக்கை அலுவலகம் 1993இல் அறிக்கை வெளியிட்டது. வேர்ல்டு டெவலப்மென்ட் மூவ்மென்ட் என்ற பிரச்சார அமைப்பு வழக்குப் போட்டு 1994 நவம்பரில் ஜெயித்தது. அடிப்படை, 1980ஆம் ஆண்டு உதவிச் சட்டத்தில் இருந்த நோக்க வரி. பொருளாதார ரீதியில் தகுதியில்லாத திட்டம் அந்த நோக்கத்துக்குள் வராது என்றது நீதிமன்றம். அந்த அமைப்புக்கு வழக்குத் தொடரும் தகுதி உண்டு என்றும் சொன்னது. பின்னால் 2002இல் வந்த சட்டம் வறுமைக் குறைப்பு என்று நோக்கத்தை இன்னும் இறுக்கிக் கட்டியது.

இதில் கவனிக்க வேண்டியது, ஜெயிக்க உதவிய தாள்கள் எதையும் அந்த அமைப்பு தயாரிக்கவில்லை. அதிகாரியின் ஆட்சேபக் குறிப்பும் தணிக்கை அறிக்கையும் அரசிடமே இருந்தவை. அவற்றைத் தேடி எடுத்துச் சட்டத்தின் வரியோடு பொருத்தியதுதான் வேலை.

இந்தியாவில் இப்படி ஒரு உதவிச் சட்டமே கிடையாது. வெளிநாட்டு உதவி நிர்வாக முடிவு. எனவே இங்கே கோர்ட் கதவைப் பற்றி அதிகம் கனவு காண வேண்டாம்.

மிண்ட்_மணிக்கூண்டு

சரி, இங்கே என்ன கதவு திறக்கும்? எம்.பி.யிடம் போகலாமா?

கல்மண்டபம்

போகலாம். ஆனால் வெறுங்கையோடு "இலங்கை மக்களுக்காகப் பேசுங்கள்" என்று போனால் போட்டோதான் மிஞ்சும். எழுதி முடித்த கேள்வியோடு போங்கள்.

மக்களவையில் கேள்விக்குக் குறைந்தது 15 முழு நாள் முன்னறிவிப்பு வேண்டும். 150 வார்த்தைக்குள் இருக்க வேண்டும். கருத்து கேட்கக் கூடாது, தகவல் கேட்கலாம். வெளியுறவு அமைச்சகம் பதில் சொல்லும் நாள் மக்களவையில் வெள்ளி, மாநிலங்களவையில் வியாழன். மக்களவையில் ஒரு நாளில் 20 நட்சத்திரக் கேள்வி, 230 நட்சத்திரமில்லாத கேள்வி. அதுவும் குலுக்கலில். மேலே எழுந்து வாயால் பதில் சொல்வது நட்சத்திரக் கேள்விக்குத்தான் என்பதால் எல்லோருக்கும் அதில் ஆசை. உங்களுக்குத் தேவை புள்ளிவிவரம் என்றால் நட்சத்திரமில்லாததே மேல், அட்டவணையோடு எழுத்தில் வரும். ஒரே கேள்வியை இரண்டு அவை உறுப்பினர்களிடமும் கொடுங்கள், ஒன்று குலுக்கலில் விழுந்தால் போதும்.

கேள்வி எப்படி இருக்க வேண்டும் என்றால்: இலங்கைக்கான உதவித் தலைப்பில் கடந்த மூன்று ஆண்டுகளில் பட்ஜெட் மதிப்பீடு, திருத்திய மதிப்பீடு, உண்மைச் செலவு எவ்வளவு, குறைவாகச் செலவானால் காரணம் என்ன, எந்தத் திட்டங்கள் எத்தனை மாதம் தாமதம். மூன்று எண்ணையும் கேட்பது அவசியம். பட்ஜெட் மதிப்பீடு அறிவிப்பு மட்டும். ஆண்டின் இடையில் போடும் திருத்திய மதிப்பீட்டில் குறைந்திருந்தால் எங்கோ வேலை நிற்கிறது என்று அர்த்தம். நீங்கள் தோண்ட வேண்டிய இடம் அது.

அடுத்தது நாடாளுமன்றத்தின் வெளியுறவு நிலைக்குழு. மக்களவையிலிருந்து 21, மாநிலங்களவையிலிருந்து 10 என 31 பேர். பட்ஜெட் தாக்கலுக்குப் பின் வரும் இடைவேளையில் மானியக் கோரிக்கையை, அதாவது அமைச்சகம் அந்த ஆண்டுச் செலவுக்குக் கேட்கும் தொகையை, ஆராய்ந்து அறிக்கை தரும். பரிந்துரைதான், கட்டாயம் இல்லை. ஆனால் அமைச்சகம் மூன்று மாதத்துக்குள் ஒவ்வொரு பரிந்துரைக்கும் என்ன செய்தோம் என்று பதில் எழுத வேண்டும். ஏற்காவிட்டால் ஏன் என்று எழுத வேண்டும். அந்தப் பதில் உங்கள் அடுத்த ஆண்டு மனுவுக்கு மூலப்பொருள். குழு ஏதாவது தலைப்பில் பொதுமக்கள் கருத்து கேட்டால் அறிவிப்பு வரும், அப்போது குறிப்பாணை அனுப்பலாம். அறிவிப்பு இல்லாத சமயத்திலும் செயலகத்துக்கு எழுதலாம், ஆனால் பதில் வரும் என்று காத்திருக்காதீர்கள்.

ஆர்டிஐ (தகவல் அறியும் உரிமைச் சட்டம்): கட்டணம் 10 ரூபாய், 30 நாளில் பதில், வராவிட்டால் அல்லது திருப்தி இல்லாவிட்டால் 30 நாளுக்குள் முதல் மேல்முறையீடு, அதன்பின் 90 நாளுக்குள் மத்திய தகவல் ஆணையம். வெளியுறவில் வழக்கமாக 8(1)(ஏ) என்று மறுப்பார்கள், வெளிநாட்டோடு உறவு கெடும் என்ற பிரிவு. அதைத் தாண்ட, கேட்கும்போதே பிரித்துக் கேளுங்கள். "ஒப்பந்தப் பேச்சுவார்த்தைக் கோப்பு முழுவதும்" என்றால் மறுப்பு நிச்சயம். "இன்ன திட்டத்துக்கு இன்ன காலாண்டில் விடுவித்த தொகை, தேதி, பெற்ற நிறுவனம்" என்றால் மறுப்பது கஷ்டம். மறுத்தால் மேல்முறையீட்டில் 10ஆம் பிரிவைச் சொல்லுங்கள், மறைக்க வேண்டியதை மறைத்து மீதியைக் கொடு என்பது அது.

எர்ணாவூர்_பாலம்

களத் தகவல் பற்றி யாரும் இன்னும் பேசவில்லை. டிரஸ்ட் கையில் இருக்கும் ஒரே சரக்கு அதுதான். எண் அமைச்சகத்திடமே இருக்கிறது. அந்த எண் களத்தில் என்ன ஆனது என்பது அவர்களுக்குத் தாமதமாகத்தான் போகிறது.

உதாரணம் இலங்கையில் இந்திய உதவியில் நடக்கும் வீட்டுத் திட்டம். 2010 ஜூனில் 50,000 வீடு அறிவிப்பு. யாழ்ப்பாணம் அரியாலையில் தொடங்கி 1,000 வீடு முன்னோட்டமாகக் கட்டப்பட்டது. பிறகு வடக்கு, கிழக்கில் பயனாளியே கட்டிக்கொள்ளும் முறைக்கு மாறினார்கள். வீட்டுக்கு 5.5 லட்சம் இலங்கை ரூபாய், கட்டுமானக் கட்டம் முடிய முடியத் தவணையாக வங்கிக் கணக்கில் விழும். யூஎன் ஹேபிடாட், செஞ்சிலுவைச் சங்கம், ஹேபிடாட் ஃபார் ஹியூமானிட்டி, இலங்கை தேசிய வீடமைப்பு அதிகார சபை ஆகியவை கட்டம் பார்த்துச் சான்று கொடுத்தன.

இந்த முறை நல்ல முறை. இங்கே சுனாமிக்குப் பிறகு கட்டுநர் கட்டிச் சாவி கொடுத்த வீடுகளோடு ஒப்பிட்டால் குடும்பத்துக்குத் தேவையான அமைப்பு கிடைக்கிறது, தரத்தையும் அவர்களே பார்த்துக்கொள்கிறார்கள். ஆனால் கோளாறு வரும் இடங்கள் தெரிந்தவைதான். தவணை முன்பணமாக இல்லாமல் வேலை முடித்த பிறகு வந்தால் அஸ்திவாரத்துக்கே கடன் வாங்க வேண்டும். ஊரில் எல்லோரும் ஒரே சமயத்தில் கட்டும்போது மணல், கொத்தனார் கூலி இரண்டும் ஏறும், தொகை ஏறாது. கணவர் இல்லாத பெண்கள், முதியவர்கள் தலைமையிலான குடும்பத்தில் கையாள் வேலைக்கு ஆள் இல்லை, அதையும் கூலிக்கு வைக்க வேண்டும். நிலப் பத்திரம் இல்லாதவர் பட்டியலிலேயே வர மாட்டார்.

மலையகத்தில் விலை ஏற்றம் இன்னும் தெளிவாகத் தெரியும். 2017 மே மாதம் கூடுதலாக 10,000 வீடு அறிவித்தார்கள். வீட்டுக்கு 10 லட்சம் இலங்கை ரூபாயாக இருந்ததை 2023இல் 28 லட்சமாக உயர்த்த வேண்டியதாயிற்று. அடிக்கல் நட்டது 2024 பிப்ரவரியில். இடையில் நாணயமே சரிந்துவிட்டது. தொகையை இலங்கை ரூபாயில் நிலையாக எழுதிவைத்தால் இது நடக்கும். கொள்கை மனு என்றால் "இன்னும் வீடு கொடு" என்று கேட்காமல் "தொகையை ஆண்டுதோறும் கட்டுமான விலைக் குறியீட்டோடு சேர்த்து மறுபரிசீலனை செய்" என்று கேட்கலாம்.

இன்னொரு விஷயம், பெறுபவர்களைக் கேட்காமல் மனு எழுதாதீர்கள். 2022 ஏப்ரல் 29 அன்று தமிழ்நாடு சட்டப்பேரவை தீர்மானம் போட்டது நினைவிருக்கும்: 80 கோடிக்கு 40,000 டன் அரிசி, 28 கோடிக்கு 137 வகை மருந்து, 15 கோடிக்கு 500 டன் பால் பவுடர். தமிழருக்கு மட்டும் என்ற பேச்சு முதலில் இருந்தது. அங்குள்ள தமிழர் தரப்பே பிரித்துத் தர வேண்டாம், எல்லோருக்கும் தாருங்கள் என்றார்கள், தீர்மானமும் அப்படியே வந்தது. வெளியுறவு மத்தியப் பட்டியலில் இருப்பதால் டெல்லி சம்மதம் இல்லாமல் ஒரு மூட்டை நகராது. சம்மதம் வந்து, மே 18 அன்று முதல் கப்பல் நம் சென்னைத் துறைமுகத்திலிருந்துதான் கிளம்பியது. சட்டப்பேரவைத் தீர்மானத்திலிருந்து கப்பல் வரை மூன்று வாரத்துக்குள். மாநில அரசு வழியாகப் போனால் வேகம் எப்படி மாறுகிறது என்று பாருங்கள்.

தம்புசெட்டி_தெரு

ஆடிட்டர் பக்கத்துக் கேள்விகள். ஆர்வத்தில் இவற்றை மறந்தால் டிரஸ்ட்டே போய்விடும்.

முதலாவது, வெளிநாட்டில் செலவழித்தல். இந்தியாவில் பதிவான அறக்கட்டளை தன் வருமானத்தை நாட்டுக்கு வெளியே செலவிட்டால் அந்தத் தொகைக்கு வரி விலக்கு தானாகக் கிடைக்காது. 1961ஆம் ஆண்டு வருமான வரிச் சட்டத்தில் 11(1)(சி): இந்தியாவுக்கு அக்கறையுள்ள பன்னாட்டு நலனுக்கான செலவு என்று நேரடி வரிகள் வாரியம் ஆணை தந்தால்தான் விலக்கு. 2025ஆம் ஆண்டின் புதிய சட்டம் 2026 ஏப்ரல் 1 முதல் நடைமுறை, அதில் பிரிவு எண் வேறு, ஆடிட்டரைக் கேட்டுக்கொள்ளுங்கள். பொருளை இங்கே வாங்கி மாநில அரசு திரட்டும் நிவாரணத்தில் சேர்ப்பது சிறிய டிரஸ்ட்டுக்குப் பாதுகாப்பான வழி.

இரண்டாவது, எஃப்சிஆர்ஏ, அதாவது வெளிநாட்டு நன்கொடை ஒழுங்குமுறைச் சட்டம். வெளிநாட்டு நன்கொடை வாங்கும் டிரஸ்ட் கொள்கை வேலை செய்யலாமா? தடை அரசியல் கட்சிகளுக்கும் அரசியல் தன்மையுள்ள அமைப்புகளுக்கும். 2020 மார்ச்சில் உச்ச நீதிமன்றம், கட்சி அரசியலோடு தொடர்பில்லாமல் பொது நலனுக்காகப் போராடும் அமைப்பை அந்த வகையில் தள்ளக் கூடாது என்று விதியைச் சுருக்கிப் படித்தது. ஆனால் அதே ஆண்டு செப்டம்பர் திருத்தத்தில் நிர்வாகச் செலவு வரம்பு 50 சதவீதத்திலிருந்து 20 ஆனது, இன்னொரு அமைப்புக்கு நிதியை மாற்றித் தருவதும் தடையானது. டெல்லி பயணம், அலுவலக வாடகை எல்லாம் நிர்வாகச் செலவில் விழும். முன்பு பெரிய நிறுவனம் பணம் வாங்கிச் சின்ன டிரஸ்ட்டுகளுக்குப் பிரித்துக் கொடுத்துக் கூட்டமைப்பு நடத்தும். அது இப்போது முடியாது. என் ஆலோசனை: கொள்கை வேலைக்கு உள்ளூர் நன்கொடையை மட்டும் பயன்படுத்துங்கள், கணக்கைத் தனியாக வையுங்கள். தாளும் தபாலும்தானே, பெரிய செலவு இல்லை.

ஒப்பிட்டுப் பார்க்க: அமெரிக்காவில் வரிச் சட்டத்தின் 501(எச்) என்ற தெரிவைச் செய்த தொண்டு நிறுவனம் தன் செலவில் முதல் 5 லட்சம் டாலரில் 20 சதவீதம், அடுத்த 5 லட்சத்தில் 15, அடுத்ததில் 10, அதற்கு மேல் 5 சதவீதம் வரை, சட்டம் இயற்றுபவர்களிடம் வற்புறுத்தும் வேலைக்குச் செலவிடலாம். உச்சம் 10 லட்சம் டாலர். பொதுமக்களைத் தூண்டும் பிரச்சாரத்துக்கு அதில் கால்பங்குதான். இங்கே இப்படி ஒரு கோடு போட்ட எண் இல்லை, அதனால்தான் எல்லோரும் பயந்து ஒதுங்குகிறார்கள்.

மூலக்கடை

பயத்தைப் பற்றி ஒரு வார்த்தை. வெளிநாட்டிலும் அது இருக்கிறது, வேறு வடிவில். பெரிய உதவி நிறுவனங்கள் அரசிடமிருந்தே ஒப்பந்தப் பணம் வாங்குகின்றன. திட்டத்தை நடத்துபவரே அதைக் கண்டிக்கவும் வேண்டும். பிரிட்டனில் 2016 பிப்ரவரியில், அரசு மானியத்தை வைத்து அரசிடமே கொள்கை வற்புறுத்தல் செய்யக் கூடாது என்ற நிபந்தனையை எல்லா மானியங்களிலும் சேர்ப்பதாக அறிவித்தார்கள். எதிர்ப்பு கிளம்பி ஏப்ரலில் நிறுத்திவைத்தார்கள். அறிவிப்பே போதும், மானியம் வாங்குகிற ஆட்கள் வாயைக் கொஞ்சம் மூடிக்கொண்டார்கள் என்பது என் கணிப்பு. தேர்தலுக்கு முந்தைய 12 மாதத்தில் பிரச்சாரச் செலவு 10,000 பவுண்டைத் தாண்டினால் தேர்தல் ஆணையத்தில் பதிவு செய்ய வேண்டும் என்ற சட்டமும் உண்டு. அந்த வருடம் பூராவும் சின்ன அமைப்புகள் சத்தம் போடுவதில்லை.

இதற்கு அவர்கள் கண்டுபிடித்த வழி கூட்டமைப்பு. பிரிட்டனில் பாண்ட், அமெரிக்காவில் இன்டர்ஆக்‌ஷன். கடினமான வாக்கியத்தைக் கூட்டமைப்பின் பெயரில் எழுதுவார்கள், எந்த உறுப்பினர் சொன்னது என்று தெரியாது. ஆனால் நூறு பேர் ஒப்புக்கொள்ளும் வாக்கியம் மழுங்கித்தான் வரும். காரமான தகவலைத் தனி உறுப்பினர் ரகசியமாக நாடாளுமன்றக் குழுவுக்குக் கொடுப்பார். பிரிட்டன் குழுக்கள் பெயர் வெளியிடாமலும் சாட்சியம் ஏற்கும்.

வடசென்னைக்கு அவ்வளவு பெரிய அமைப்பு தேவையில்லை. அரசு ஒப்பந்தம் எதுவும் வாங்காத டிரஸ்ட் ஒன்று முன்னால் நிற்கட்டும். வாங்கியவர்கள் தகவல் மட்டும் கொடுக்கட்டும்.

காலடிப்பேட்டை

இப்ப தான் விஷயம் புரியுது. அப்போ ஒரு மாதிரி தாள் போடுங்க மேடம், பாத்து எழுதிக்கிறோம்.

சர்மாநகர்_சித்ரா

ஒரு பக்கம், அதற்கு மேல் வேண்டாம். எர்ணாவூர் சொன்ன வீட்டு விஷயத்தையே எடுத்துக்கொள்கிறேன்.

பொருள்: இலங்கைக்கான உதவித் தலைப்பு – வீட்டுத் திட்டங்களில் வீட்டுக்கான தொகையை ஆண்டுதோறும் மறுபரிசீலனை செய்தல்.

கோரிக்கை, இரண்டு வாக்கியம்: வீட்டுக்கான தொகையை ஒவ்வொரு ஆண்டும் ஜூலையில் இலங்கையின் கட்டுமான விலைக் குறியீட்டின்படி திருத்த வேண்டும். முதல் தவணையை அஸ்திவார வேலை தொடங்கும் முன்பே விடுவிக்க வேண்டும்.

காரணம், ஐந்து வரி: 10 லட்சம் 28 லட்சமான கணக்கு, அறிவிப்புக்கும் அடிக்கல்லுக்கும் இடைப்பட்ட காலம், முன்பணம் இல்லாததால் கடன். இதற்கு ஆதாரமாக ஒரே ஒரு இணைப்பு: நீங்கள் பேசிய குடும்பங்களின் செலவு அட்டவணை, பெயர் இல்லாமல். சிமெண்ட் மூட்டை எத்தனை, விலை என்ன, கூலி எவ்வளவு, தவணை எந்தத் தேதியில் வந்தது, வாங்கிய கடன், வட்டி. அமைச்சகத்திடம் இல்லாதது இந்த அட்டவணைதான்.

செலவு: கூடுதல் ஒதுக்கீடு தேவைப்படுமா, இல்லையா. இதை விட்டுவிட்டால் தாள் குப்பைக்குப் போகும். திருத்திய மதிப்பீட்டில் செலவாகாமல் திரும்பும் பணம் இருந்தால் அதைக் காட்டி, முதல் ஆண்டுக்குப் புதுப் பணம் வேண்டாம் என்று எழுதுங்கள். இல்லாவிட்டால் எவ்வளவு என்று எண் போடுங்கள்.

போகக் கூடாதவை: வரலாறு, இன உணர்வு, கண்டனம், எந்தக் கட்சியின் பெயரும். அதற்கு மேடை வேறு இருக்கிறது.

இந்தியாவின் உதவி பெறும் நாட்டின் கோரிக்கைப்படிதான் என்பது அரசின் நிலைப்பாடு. அதனால் இதே தாளின் நகல் அங்குள்ள மாவட்டச் செயலகத்துக்கும் வீடமைப்பு அமைச்சுக்கும் அங்கிருக்கும் ஒரு அமைப்பு வழியாகப் போக வேண்டும். அங்கிருந்து கேட்காத ஒன்றை டெல்லி செய்யாது.

தம்புசெட்டி_தெரு

மேடத்தின் தாளில் இரண்டு சேர்க்கை. டிரஸ்ட்டின் பதிவு எண், பான், தொடர்பு ஆள் ஒருவர் பெயர் கீழே இருக்கட்டும், லெட்டர்ஹெட்டில் கட்சிக்காரர் யாராவது கௌரவத் தலைவராக இருந்தால் அந்த லெட்டர்ஹெட்டை இதற்குப் பயன்படுத்தாதீர்கள். இரண்டாவது, தமிழில் ஒன்றும் ஆங்கிலத்தில் ஒன்றும் அனுப்புங்கள். தமிழ்ப் பிரதி மட்டும் போனால் மொழிபெயர்ப்புக்குப் போய்ப் பிரிவு அதிகாரியிடம் வர மாதமாகிவிடும், ஜூலை தாண்டிவிடும். ஸ்பீட் போஸ்ட் ரசீதையும், மின்னஞ்சலையும் பத்திரமாக வையுங்கள். பதில் வராவிட்டால் "இன்ன தேதியில் அனுப்பிய மனு மீது எடுத்த நடவடிக்கை என்ன, கோப்பு எந்த அதிகாரியிடம் இருக்கிறது" என்று ஆர்டிஐ போட அந்த ரசீதுதான் வேண்டும்.